சாய்மானம் இல்லாத வாங்கு

"நிமிர்ந்து உட்கார்" என்று யார் யாரிடம் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பஸ்ஸில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையிடம் சொன்னதற்குத் திரும்பி முறைத்திருக்கிறேன். அந்தத் தாய் என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

என் மகள் தரம் ஒன்றில் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் அந்த வார்த்தைகளைப் பாடமாக்கிவிட்டாள். அ, ஆ வரவில்லை, இது வந்துவிட்டது. ஒரு நாள் பின்நேரம் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டுக்கு வருகிறேன். என் பழைய சேலைத் துணியில் நான் தைத்துக் கொடுத்த பொம்மையைச் சுவரோரமாக உட்காரவைத்திருக்கிறாள். துணிப் பொம்மை எங்கே உட்காரும், சரிகிறது. கையில் குச்சியை வைத்துக்கொண்டு, "நிமிந்து ஒக்காரு! சோம்பேறி! ஒனக்கு முதுகெலும்பே இல்லியா?" என்று அதட்டி ஓர் அடி. தூக்கி நிறுத்துகிறாள். சரிகிறது. இன்னும் ஓர் அடி.

பொம்மைக்கு டீச்சர் வேலை பார்க்காத பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை. ஆனால் இவள் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கொஞ்சம் காத்திருந்தாள். இந்தத் தடவையாவது பொம்மை நின்றுவிடாதா என்று பார்த்தாள். நான் கூடையை இறக்காமலே வாசலில் நின்றேன்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நான் போகவில்லை. நேரே பாடசாலைக்குப் போனேன். எங்கள் தோட்டம் டயகமவுக்கும் மேலே, மூடுபனி பத்து மணி வரைக்கும் விலகாத இடம். வகுப்பறைக்கு அரைச்சுவர்தான். அதற்கு வெளியே நின்று பார்த்தேன்.

ஒரு நீள வாங்கில் ஆறு பிள்ளைகள். வாங்கு என்றால் நான்கு காலும் ஒரு பலகையும்தான், முதுகைச் சாய்க்க ஒன்றும் கிடையாது. பெரிய வகுப்புக்குச் செய்தது, சின்னப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். என் மகளுடைய கால் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேலே தொங்கியது. இடது கையால் வாங்கின் விளிம்பைப் பிடித்திருந்தாள். நாடி மேசையில் முட்டிக்கொண்டிருந்தது. வலது கையில் பென்சில். ஓர் எழுத்துக்குக் கோடு இழுத்தால் உடம்பு முழுவதும் அந்தக் கோட்டோடு சேர்ந்து சரிந்தது. கொப்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் கொப்பியும் ஓடியது.

"நிமிந்து ஒக்காரு!" என்றார் டீச்சர், கரும்பலகையிலிருந்து திரும்பாமலே.

நிமிர்ந்தாள். நான் எண்ணினேன். பதினொன்று எண்ணும்போது தோள் இறங்கியது, பிறகு வயிறு மடிந்தது, பிறகு நாடி மறுபடியும் மேசைக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் சுவெட்டரைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த காலைநேரம் அது. என் மகளின் மேலுதட்டில் வியர்வை. சோம்பேறிக்கு எங்காவது வியர்க்குமா?

இடைவேளையில் டீச்சரிடம் போனேன். கெட்ட மனுஷி இல்லை அவர். ஐம்பது பிள்ளையை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவர்.

"வேணும்னே சரியிறாம்மா. சொன்னா ஒரு நிமிஷம் நிமிருறா, திரும்ப சரிஞ்சிர்றா."

"டீச்சர், சாயிறதுக்கு ஒண்ணுமில்லையே. காலும் தரையில படலயே. வாங்கு சரியில்லங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மத்த அஞ்சு பேரும் இதே வாங்குலதானே ஒக்காந்திருக்காங்க?"

கோபம் வரும்போது வாய் திறக்காத ஜென்மம் நான். எல்லாம் வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில்தான் வெளியே வரும். அன்றைக்குக் கூடம் கோணலாகத்தான் இருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன், இருந்தும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

டீச்சர் என்னைப் பாடசாலை அதிபரிடம் அனுப்பினார். அதிபரும் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். அவர் கைப்பிடி வைத்த நாற்காலியில் குஷன் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார் என்று அவர் சொல்லவும் இல்லை, சொல்லாததை நான் கவனிக்கவும் இல்லை. பெரட்டில் நிற்கிறோம், தராசடியில் நிற்கிறோம், ஆபிஸ் ஜன்னலில் நிற்கிறோம். உட்கார்ந்திருப்பவர் பேசுவார், நிற்பவர் கேட்க வேண்டும். நாலு தலைமுறையாக எங்கள் கால் அதைத்தான் பழகியிருக்கிறது.

"நாங்கல்லாம் இதே வாங்குல ஒக்காந்து படிச்சுதான் இந்த நெலமைக்கு வந்தோம்" என்றார். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா? இப்பவே அதட்டி ஒக்கார வைக்கணும்."

என் மகளுடைய கஷ்டமே வளைவதுதான். அவளை வளைக்க இன்னொரு ஆள் தேவையில்லை. இதுவும் அடுப்பங்கரைக்குத்தான் போனது.

பிறகுதான் பெரிய விஷயத்துக்கு வந்தார். பாடசாலைத் தவணை முடிவில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி தரம் ஒன்றைப் பார்க்க வருகிறாராம். "அந்த மேடத்துக்கு முன்னால ஒழுங்கா ஒக்காந்து, தன்னோட பேர தானே எழுதிக் காட்டட்டும். இல்லாட்டி டவுன்ல இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு ஒரு எடம் இருக்கு. அங்க சேத்துருங்க."

அந்த இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடிய முந்திப் புறப்பட்டால் பத்து மணிக்குச் சேரலாம். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். நான் மலைக்குப் போகிறவள். யார் கூட்டிக்கொண்டு போவது? டவுன் என்று அவர் சொன்னதற்கு வீடு என்றுதான் அர்த்தம். வீடு என்றால், நான் மலையிலிருந்து வரும் வரைக்கும் வாசற்படியில் சுவரில் சாய்ந்து போகிற வருகிற ஆட்களை அவள் பார்த்துக்கொண்டிருப்பது. பத்து வயதிலும் அதே படி, இருபது வயதிலும் அதே படி. எங்கள் லயத்தில் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

இவள் ஏன் இப்படி என்பதற்கு எங்களிடம் ஆறு வருஷமாக ஒரு பதில் இருந்தது. பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கிறது. பச்சைப் பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கினால் கழுத்தில் உரம் விழும் என்பார்கள். நாலு மாதத்திலும் தலை நிற்காதபோது பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற அக்கா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "தூக்கத் தெரியாம தூக்கிட்ட நீ." வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு சேலையின் இரண்டு தலைப்பையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நடுவில் பிள்ளையைப் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினோம். ஒரு பக்கத்தைப் பிடித்தது நான். பிள்ளை அழுதால் உரம் இளகுகிறது என்றார்கள், அழாவிட்டால் சரியாகிவிட்டது என்றார்கள். எப்படிப் போனாலும் அவர்கள் சொன்னதுதான் சரி. தூக்கத் தெரியாத தாய் என்ற பட்டம் மட்டும் எனக்கு நிலையாக நின்றது.

நான் மலைக்குப் போகும்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவேன். அங்கே துணித் தொட்டிலில் சுருண்டு கிடப்பாள். மற்றப் பிள்ளைகள் தொட்டிலை உதைத்து, ஏறி விழுந்து, கத்தி ஊரைக் கூட்டுவார்கள். இவள் போட்டது போட்டபடி. "நல்ல புள்ள, தொந்தரவே இல்ல" என்று பிள்ளைக் காம்பரா அம்மா எல்லோரிடமும் சொல்வார். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அசைய முடியாத பிள்ளையை அடக்கமான பிள்ளை என்று கொண்டாடியிருக்கிறோம். எத்தனை பேருடைய கண்கள் பார்த்தன, என் கண்ணும் அதில் சேர்த்தி.

மூன்று வயது நெருங்கும்போதுதான் நடந்தாள். வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி அப்போதே நுவரெலியா கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். நடக்க ஆரம்பித்துவிட்டாளே, பிறகு என்ன என்று அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினேன். முக்கியமான கடதாசி எல்லாம் எங்கள் வீட்டில் அங்கேதான் போகும். போனால் திரும்பி வராது.

அதிபரிடம் பேசிவிட்டு வந்த அன்று அந்தத் துண்டை எடுத்தேன். ஓரத்தைக் கரப்பான் தின்றிருந்தது. அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனேன்.

உடற்பயிற்சி சிகிச்சை பார்க்கிற மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை. கலியாணம்கூட ஆகியிருக்காது. தமிழைத் தேடித் தேடிப் பேசினார், எனக்கும் சிங்களம் ஓடும், இரண்டையும் கலந்து சமாளித்தோம். என் மகளைத் தரையில் விட்டு, ஊர்ந்து வரச் சொல்லி, பந்தைப் பிடிக்கச் சொல்லி, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார், அது பொத்தென்று விழுந்தது. பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க இங்க ஒக்காருங்க" என்று உயரமான கட்டிலைக் காட்டினார்.

எனக்கு வைத்தியமில்லையே என்றேன். உட்காருங்கள் என்றார். ஏறி உட்கார்ந்தேன். எனக்கு அடியில் காற்றடைத்த ஒரு ரப்பர் மெத்தையைத் தள்ளினார். கால் அந்தரத்தில் தொங்கியது. மடியில் ஒரு அட்டை, இடது கையில் பென்சில். "பேர் எழுதுங்க. ஒரு வரிசை இல்ல, பத்து வரிசை."

எழுதினேன். மெத்தை இந்தப் பக்கம் போனால் நான் அந்தப் பக்கம் போகிறேன். இரண்டாவது வரிசையில் தொடை இழுத்தது. மூன்றாவது வரிசையில் மேல்மூச்சு வாங்கி அட்டை மேலே கவிழ்ந்துவிட்டேன்.

"நிமிந்து ஒக்காருங்க அம்மா" என்றார் மிஸ்.

நிமிர்ந்தேன். பென்சில் நழுவியது.

"ஏன் எழுத இல்ல? சோம்பேறியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினேழு வயதிலிருந்து மலையேறுகிற உடம்பு இது, கூடை நிறையக் கொழுந்தைத் தலையில் தாங்குகிற கழுத்து இது. மூன்று வரிக்கு மேல் தாங்கவில்லை. என் மகள் கைதட்டிச் சிரித்தாள். அம்மாவும் சரிகிறாள் என்று அவளுக்குச் சந்தோஷம்.

மிஸ் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். நாம் உட்காரும்போது வயிறும் முதுகும் நம்மைக் கேட்காமலே நம்மைப் பிடித்து வைத்திருக்கின்றன. என் மகளுக்கு அந்தப் பிடி தானாக வராது. தசையில் இருக்க வேண்டிய இறுக்கம் குறைவு. மூளை சொல்வதும் உடம்பு செய்வதும் ஒன்றோடு ஒன்று பழகச் சுணங்குகிறது. நினைத்து நினைத்துத்தான் நிமிர வேண்டும். எழுத்தை நினைத்தால் முதுகு விட்டுப்போகும், முதுகை நினைத்தால் எழுத்து விட்டுப்போகும். எலும்பிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை. "பபா சோம்பேறி இல்ல அம்மா. எல்லாரையும்விட பபாதான் கூட வேல செய்றது."

வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, உரத்தைப் பற்றிக் கேட்டேன். சிங்களத்தில் உரத்துக்கு வார்த்தை தெரியாமல், நான் தூக்கத் தெரியாமல் தூக்கியதால்தானா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார். பிறக்கும்போதே அப்படித்தான், யார் எப்படித் தூக்கியிருந்தாலும் இப்படித்தான் என்றார். ஆறு வருஷம் சுமந்த பாரம் இறங்கியதும் நிம்மதி வரும் என்றுதானே நினைப்போம்? எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை நொந்துவிட்டது.

மிஸ் ஒரு தாளில் நாற்காலி ஒன்றை வரைந்து அளவு எழுதித் தந்திருந்தார். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை இவ்வளவு, இடுப்பகலம் இவ்வளவு. பின்னால் நேரான பலகை, இரண்டு பக்கமும் இடுப்பை அணைக்கிற மாதிரி சின்னப் பலகை, கீழே பாதம் பதிய ஒரு கட்டை. கால் பதிந்தால்தான் முதுகு நிற்கும், முதுகு நின்றால்தான் கை ஓடும் என்றார். அதற்கு மேல் மந்திரம் எதுவும் இல்லை. நான் தாளை மூன்று தரம் திருப்பிப் பார்த்தேன்.

தேயிலை பெக்டரியில் தச்சு வேலை பார்க்கிறவரிடம் கொடுத்தேன், பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பாஸ் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளைத் தேடியெடுத்து ஒரு வாரத்தில் முடித்துவிட்டார். இடுப்புக்குக் குறுக்கே கட்ட ஒரு பட்டை வேண்டும் என்றார். நான் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுகிற பட்டை ஒன்று பழசாகிக் கிடந்தது. அதைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். பலகையை இழைத்து, மூலையெல்லாம் உருட்டி, தேய்த்து மினுக்கித் தந்தார். எங்கள் வீட்டுக்குள் அவ்வளவு நல்ல சாமான் அதற்கு முன் வந்ததில்லை.

இனி நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்களை இவ்வளவு திட்டிவிட்டு இதை மறைத்தால் நியாயமில்லை.

எங்கள் லயத்தில் எந்த வீட்டிலும் நாற்காலி இருக்கும், ஆனால் அதில் வீட்டு ஆள் உட்காரமாட்டார். வாங்கியபோது சுற்றியிருந்த பொலித்தீன்கூடப் பிரிக்காமல் மூலையில் நிற்கும். மலையில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா வந்தால், டீச்சர் வந்தால், பொண்ணு பார்க்க வந்தால், துடைத்துப் போடுவோம். நாங்கள் படியிலும் பலகையிலும் தரையிலும் உட்காருவோம். அதே புத்திதான் எனக்கும். மகளுடைய நாற்காலிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பொலித்தீனால் மூடி, சாமிப் படத்துக்குக் கீழே நிறுத்தினேன். அதிகாரி வருகிற அன்றைக்குப் புத்தம்புதுசாக இருக்க வேண்டும் என்று. அவள் தொட்டுப் பார்க்க வந்தால், "அழுக்காக்கிராத" என்று விரட்டினேன். அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் குனிந்து உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றாள்.

மூன்று வாரம் கழித்து மறு கிளினிக். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒக்காரும்?" என்று மிஸ் கேட்டார்.

"இன்னும் ஒக்கார வைக்கல மிஸ். புதுசாவே வச்சிருக்கேன்" என்றேன், கெட்டிக்காரி மாதிரி.

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அந்த நாக்காலி யாருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியோடு நான் நானுஓயா, தலவாக்கலை எல்லாம் தாண்டி வந்தேன். யாருக்கு? எங்கள் வீட்டில் ஒரு நல்ல நாற்காலி வந்தால் அது வரப்போகிற பெரிய ஆளுக்குத்தான் என்று என் உடம்பே முடிவு செய்துவிட்டிருக்கிறது. டீச்சரையும் அதிபரையும் திட்டினேனே, மூன்று வாரம் என் பிள்ளையைத் தரையில் போட்டது யார்? வீட்டுக்குள் நுழைந்ததும் பொலித்தீனைக் கிழித்தேன். முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லை.

முதல் நாள் அவளுக்குப் பிடிக்கவில்லை. பட்டையைக் கட்டினால் கத்தினாள், அடியில் வழுக்கி இறங்கப் பார்த்தாள். தவணை முடிய ஐந்து வாரம் இருந்தது. சோறு அதில், பால் அதில், எழுத்து அதில். மற்ற நேரம் மிஸ் சொல்லிக்கொடுத்த விளையாட்டு: சுவரைக் கையால் தள்ளுவது, லயத்துப் படிக்கட்டில் நாலு காலில் ஏறுவது, சின்ன வாளியில் தண்ணீர் கொண்டுவருவது. தண்ணீர் பாதி வரும், மீதி பாவாடையில். ஆறு வருஷமாக நான்தான் ஊட்டினேன், பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்று நாலு வாயில் திணித்து முடிப்பேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கரண்டியை விடமாட்டேன் என்றுவிட்டாள். மேசைக்குப் பாதி, வாய்க்குப் பாதி. அரை மணி நேரமாகும். தட்டை எடுக்கப் போனால் ஏறிட்டுப் பார்க்காமல், "இன்னும் முடியல" என்பாள். எனக்குக் கை பரபரக்கும். நான் அவசரப்பட்டதெல்லாம் அவளிடமிருந்து எதைப் பிடுங்கியிருக்கிறது என்று அந்த மேசையடியில்தான் தெரிந்தது.

நாலாவது வாரத்தில் அவள் பெயரின் முதல் எழுத்து கோட்டுக்குள் நின்றது.

அதிகாரி வருகிற அன்று காலை, கூடையை மாட்டுவதைப் போலவே நாற்காலியை முதுகில் போட்டுத் தலைப்பட்டையால் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன். அவள் என் கையைப் பிடித்து வந்தாள். வழியில் மலைக்குப் போகிற பெண்கள், "யாருக்கு அக்கா சிம்மாசனம்?" என்று கேலி பேசினார்கள். "எம்மகளுக்கு" என்றேன். ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வகுப்பில் வாங்குக்குப் பக்கத்தில் நாற்காலியை வைத்து, மேசையை இழுத்துப் போட்டு, அவளை உட்காரவைத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதிபர் வந்தார்.

"என்னம்மா இது? இதெல்லாம் இங்க வைக்கேலாது. ஒருத்திக்கு வச்சா எல்லாருக்கும் வைக்கணும்."

"எல்லாருக்கும் வைங்க சார்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அடுப்பங்கரைக்கென்று சேர்த்துவைத்த அத்தனையும் அங்கேயே வந்துவிட்டது.

"ஒங்க நாக்காலிக்கு சாய்மானம் இருக்கு, கைப்பிடி இருக்கு, குஷனும் இருக்கு. அதுல ஒக்காந்துகிட்டுத்தானே சார் எம்புள்ளைய வாங்குல நிமிரச் சொல்றீங்க? நீங்களும் அந்த வாங்குல இருந்தவருதான். வலிச்சது ஞாபகமில்லையா? ஒங்களுக்கு வலிச்சதுக்காக எம்புள்ளைக்கும் வலிக்கணுமா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. பதில் சொல்ல வாயெடுக்கும்போது வெளியே ஜீப் வந்து நின்றது. நாற்காலியைத் தூக்க நேரமில்லை. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அதிகாரி நடுத்தர வயது அம்மா. நனைந்த குடையோடு, இன்னும் இரண்டு பாடசாலை பார்க்க வேண்டிய அவசரத்தோடு உள்ளே வந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து, "வணக்கம் மேடம்" என்று இழுத்துப் பாடினார்கள். என் மகள் உட்கார்ந்தபடியே பாடினாள்.

"எந்திரி, எந்திரி" என்று பல்லுக்குள்ளே சீறினார் அதிபர்.

"பட்டை கட்டியிருக்கு சார்" என்றேன்.

அதிகாரி நாற்காலியைப் பார்த்தார், கீழே பாதம் பதிந்திருந்த கட்டையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். "மகள், ஒங்க பேர எழுதுங்க பாப்போம்" என்றார்.

அவள் இப்போது தரம் இரண்டில் இருக்கிறாள். அதே நாற்காலிதான், கால்கட்டையை மட்டும் பாஸ் இரண்டு தடவை இறக்கித் தந்திருக்கிறார். வாங்குகள் மாறவில்லை. அதிபர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கும் அவர் மேல் கோபம் தீரவில்லை, தீர்த்துக்கொள்கிற எண்ணமும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நடந்ததை நினைத்தால் மட்டும் என் நெஞ்சு ஆறுகிறது.

அவள் இடது கையால் கொப்பியை அமர்த்திப் பிடித்தாள். அது வாங்கைப் பிடிக்கும் வேலையிலிருந்து விடுபட்ட கை. முதல் எழுத்து. அழித்தாள். மறுபடியும் முதல் எழுத்து. இரண்டாவது எழுத்துக்கு நாக்கை வெளியே நீட்டினாள். மழை தகரத்தில் விழுந்து ஓய்ந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களை உட்காரச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. டீச்சர் கரும்பலகையடியில் நின்றார். மூன்றாவது எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கி, எப்படியோ ஏறி வந்தது.

"போதும் மேடம், வெளங்குதுதானே. அடுத்த வகுப்புக்குப் போவமா?" என்றார் அதிபர்.

என் மகள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"இன்னும் முடியல" என்றாள்.

அவள் பெயரில் ஒரு புள்ளி உண்டு. அதை எப்போதும் கடைசிக்கு வைத்திருப்பாள், அதுதான் அவளுக்குக் கஷ்டம். பென்சிலைத் தூக்கி, குறிபார்த்து, இறக்கி, தவறிவிட்டதென்று அழித்து, மறுபடியும் தூக்கினாள். அதிபர் நின்றார், டீச்சர் நின்றார், வலயத்து அதிகாரி ஈரக்குடையோடு நின்றார், நானும் நின்றேன். அந்தப் புள்ளி விழும் வரைக்கும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தது என் மகள் ஒருத்திதான்.